கற்பனைக்கு ஏகபோகம்

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியில் நாம் வாங்கும் அறிவியல் புனைகதைக்கும், 2003 மார்ச்சில் சோனி நிறுவனம் பெற்ற 6,536,440 எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமைக்கும் என்ன வேறுபாடு? முன்னதை எழுதியவருக்கு, பதிப்பாளர் மனமிரங்கினால், ராயல்டி. பின்னதற்கு விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு ஏகபோகம்.

அந்த ஆவணம் சொல்வது இது: தலைக்கு வெளியிலிருந்து மீயொலித் துடிப்புகளைப் பாய்ச்சி, மூளைப் புறணியில் நரம்புகள் இயங்கும் கணத்தை மாற்றினால், காட்சியையும் ஒலியையும் சுவையையும் அறுவையின்றியே உணரச் செய்யலாம். 2005-இல் நியூ சயன்டிஸ்ட் இதழ் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபோது, பரிசோதனை எதுவும் நடக்கவில்லை, இது ஒரு தீர்க்கதரிசனக் கண்டுபிடிப்பு என்று நிறுவனத் தரப்பே சொல்லிவிட்டது. 20 ஆண்டும் கடந்துவிட்டன. கருவி கடைக்கு வரவில்லை. (இதை மூளைக்கட்டுப்பாட்டுச் சதிக்குச் சான்றாக வாட்ஸ்அப்பில் அனுப்பும் அன்பர்களுக்கு: காப்புரிமை, பொருள் இருப்பதற்குச் சாட்சியன்று.)

அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் இத்தகைய எடுத்துக்காட்டுகளை ஏற்கிறது. நிபந்தனை, செய்யாத சோதனையை இறந்தகாலத்தில் எழுதக்கூடாது, நிகழ்காலத்தில் எழுதலாம். நன்னூல் படித்தவர்கள் ரசிக்க வேண்டிய இடம் இது. மெய்க்கும் புனைவுக்கும் நடுவே ஒரேயொரு கால இடைநிலை!

கொழும்பில் வாழ்ந்து மறைந்த ஆர்தர் சி. கிளார்க், செயற்கைக்கோள் வழியே உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று 1945-இல் கட்டுரையாக எழுதினார், காப்புரிமை கேட்கவில்லை. பொறியாளர்கள் அவருக்குக் கப்பம் கட்டாமலே அதைச் செய்து முடித்தார்கள். கற்பனை செய்பவரை நான் பழிக்கவில்லை, வேலி போடுபவரைத்தான். பார்வையிழந்தவருக்காக ஓர் ஆய்வாளர் மெய்யாகவே உழைத்துச் செய்து காட்டும்போது, எதையும் செய்யாத ஒருவர் காகிதத்தோடு குறுக்கே வந்து நிற்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

நம் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் சற்று விவேகமானது. சிகிச்சை முறைகளுக்கு உரிமை இல்லை என்கிறது அதன் 3(i) பிரிவு. கருவிகளுக்கு வழி திறந்தே இருக்கிறது. ஆனால் உரிமை பெற்றதை இந்நாட்டில் நடைமுறைப்படுத்தினீர்களா என்று படிவம் 27 ஆண்டுதோறும் கேட்டுவந்தது. 2024-இன் விதித்திருத்தம் அதை மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆக்கிவிட்டது. நந்தனத்தை அடுத்த தேனாம்பேட்டையில் இயங்கி, நோவார்ட்டிஸ் வழக்கை விசாரித்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியமும் 2021-இல் கலைக்கப்பட்டது.

இதற்கிடையே நம் பொறியியல் கல்லூரிகள் தரவரிசைக்காக விண்ணப்பங்களைக் குவிக்கின்றன. விண்ணப்பம் காப்புரிமை அலுவலக இதழில் வெளியானதையே உரிமை கிடைத்ததாக விளம்பரம் செய்வோரும் உண்டு. எண்ணிக்கையில் தமிழகம் முன்னணி என்று மார்தட்டுபவர்கள், அவற்றுள் எத்தனை இறந்தகாலத்தில் எழுதப்பட்டவை என்பதையும் சொல்வார்களா?