சம்புநாத் டேயின் முயல்கள்

தைப்பூசம் நெருங்கிவிட்டால், மதுரையிலிருந்தும் காரைக்குடிப் பக்கத்திலிருந்தும் பழனிக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டம் நமது திண்டுக்கல் வழியாகப் போகத் தொடங்கும். ஊரார் பந்தலிட்டு நீர்மோர் வழங்குவார்கள். முற்காலத்தில் இத்தகைய யாத்திரைக் கூட்டங்களைக் கண்டால் மகிழ்ச்சியோடு அச்சமும் உண்டாகும். மழை குறைந்த சமவெளியில், ஒரே கிணற்றை ஆயிரம் பேர் நாடினால் வாந்திபேதி வராமல் என்ன செய்யும்? திருவிழாக் காலங்களில் காலரா ஊசி குத்திக்கொண்டு, கை வீங்கிக் காய்ச்சலில் கிடந்த கதையைப் பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு.

அந்த ஊசியினால் கிடைத்த பாதுகாப்போ சொற்பம். அதுவும் சில மாதங்களுக்கே. அதன் காரணத்தை அறிய உதவியவர் சம்புநாத் டே என்னும் வங்காளி டாக்டர்.

காலராக் கிருமியைக் கண்டவர் யார் என்று நமது வகுப்பில் கேட்டால், ஜெர்மானியரான கோக் என்று பல குரல்கள் எழும். சரிதான், 1884-ல் கல்கத்தாவில்தான் அவர் அதைப் பிரித்தெடுத்தார். அக்கிருமி ஏதோ ஒரு விஷத்தை உண்டாக்குகிறது என்றும் அவர் ஊகித்தார். ஆனால் அந்த விஷம் எழுபத்தைந்து ஆண்டுகள் ஒருவர் கைக்கும் அகப்படவில்லை. ஆராய்ச்சியாளர் பலர் கிருமியைப் பிராணிகளின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தனர். நோய் இருப்பதோ குடலில்!

டே 1915-ல் ஹூக்ளி ஜில்லாவில் கரிபாட்டி என்னும் கிராமத்தில் பிறந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்து, லண்டனில் டாக்டர் பட்டம் பெற்று 1949-ல் தாயகம் திரும்பினார். அவர் செய்த காரியத்தைக் கேட்டால், இவ்வளவுதானா என்று தோன்றும். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டாமல், இரு முனைகளிலும் நூலால் கட்டினார். நடுவே காலராக் கிருமியைச் செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட்டார். மறுநாள் திறந்து பார்த்தபோது அந்தத் துண்டு நீர் நிரம்பி, ஊதிய பைபோல் இருந்தது. கிருமி செலுத்தாத பகுதி சுருங்கியபடியே கிடந்தது. இதனை 1953-ல் சட்டர்ஜி என்பவரோடு சேர்ந்து வெளியிட்டார். பிறகு கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமி ஒன்றுகூட இல்லாமல் செய்து, அதை மட்டும் செலுத்தினார். அப்பொழுதும் குடல் வீங்கிற்று. 1959-ல் ‘நேச்சர்’ பத்திரிகையில் அச்செய்தி வந்தது. கோக் ஊகித்த விஷம் அகப்பட்டுவிட்டது.

ஆக, கிருமி உடலுக்குள் ஊடுருவிச் சென்று கொல்வதில்லை. குடலிலேயே தங்கி விஷத்தைக் கக்குகிறது. உடம்பிலுள்ள நீரும் உப்பும் மடைதிறந்தாற்போல் வெளியேறுகின்றன. கடுமையான நோயாளி மணிக்கு ஒரு லிட்டர்கூட இழக்கலாம். எதிர்ப்புச் சக்தி இரத்தத்தில் மட்டும் இருந்தால் போதாது, குடற்சுவரிலும் வேண்டும். கையில் குத்திய ஊசி அங்கே போதிய காவலை நிறுத்தவில்லை. பிற்காலத்தில் வாய்வழியே கொடுக்கும் தடுப்பு மருந்துகள் வந்தன. அவற்றுள் ஒன்றில் டே கண்ட அந்த விஷத்தின் தீங்கற்ற பகுதியே சேர்க்கப்பட்டிருக்கிறது. எதிரியின் ஆயுதத்தையே நமது காவலர்க்குக் காட்டிப் பழக்குவது போலத்தான்.

இத்தனை செய்தவருக்கு நாடு செய்த மரியாதை என்ன? அவர் வாழ்நாளில் நமது விஞ்ஞானக் கழகங்களில் ஒன்றுகூட அவரை அங்கத்தினராக்கவில்லை. வெளிநாட்டாரும் சில ஆண்டுகள் கவனியாமல்தான் இருந்தனர். ஆனால் கவனித்த பிறகு மறக்கவில்லை. நோபெல் பரிசு பெற்ற லெடர்பர்க், டேயின் பெயரை அப்பரிசுக்குச் சிபாரிசு செய்தார். 1978-ல் நோபெல் ஸ்தாபனம் காலராவைப் பற்றிக் கூட்டிய மாநாட்டுக்கு டே அழைக்கப்பட்டார். 1960-க்குப் பின் தாம் செத்துக் கிடந்ததாகவும், அந்தக் கமிட்டியாரே தம்மைத் தோண்டி எடுத்ததாகவும் அங்கே அவர் கூறினார். வேடிக்கையாகச் சொன்னாரோ, மனம் நொந்து சொன்னாரோ!

உபகரணம் இல்லை, பணம் இல்லை என்று நம்மவர் சொல்லும் சாக்குகளை இவர் சொன்னதாகத் தெரியவில்லை. நூலும் முயலும் இருந்தன. எந்த இடத்தில் பார்க்கவேண்டும் என்ற புத்தியும் இருந்தது. 1973-ல் கல்லூரி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார், 1985-ல் காலமானார். அவர் காட்டிய குடல் முடிச்சுச் சோதனையைப் பிற பேதிக் கிருமிகளின் விஷத்தைக் கண்டறியவும் உலகெங்கும் ஆராய்ச்சிச் சாலைகளில் கையாண்டிருக்கிறார்கள்.