துரத்தலுக்கும் நிலமே முதற்பொருள்

திரைப்படத்தில் ஒருவனை ஒருவன் துரத்தும் காட்சி சிறப்பதற்கு வேகமே காரணம் என்பார் பலர். வண்டி விரைந்தால் போதும், இசை முழங்கினால் போதும், காட்சித் துண்டுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் மாறினால் போதும் என்பது அவர்தம் கொள்கை. அக்கொள்கை பிழையானது. துரத்தலுக்கு உயிர் கொடுப்பது வேகமன்று, இடமே.

இதனைத் துவாஸ் வட்டாரத்தைக் கொண்டே மெய்ப்பிக்கலாம். சிங்கப்பூரின் மேற்கு எல்லையில் தொழிற்சாலைகளுக்கிடையே அகன்ற சாலைகள் நேராக நீள்கின்றன. போக்குவரத்துக் குறைந்த விடுமுறை நாளில், அங்கு விரையும் மகிழுந்தைத் தொலைவில் நின்று படம் பிடித்தால், அது ஊர்வது போலவே தோன்றும். அருகே கடந்து செல்லும் பொருள்கள் இல்லாவிடில் விரைவைக் கண் உணராது. தேக்காவின் ஐந்தடி நடைபாதையிலோ, காய்கறிக் கூடைகளுக்கும் பூமாலைகளுக்கும் இடையே ஒருவன் ஓடினால் காற்றாய்ப் பறப்பதாகத் தோன்றும். ஒவ்வொரு தூணும் அவன் வேகத்தை அளந்து காட்டும்.

அங்ஙனமாயின் துவாஸ் துரத்தலுக்கு உதவாத இடமா? அன்று. வெறுமையும் ஓர் இடமே. 1959இல் வெளிவந்த 'நார்த் பை நார்த்வெஸ்ட்' படத்தில் ஆல்பிரட் ஹிட்ச்காக் ஒருவனை வெட்டவெளியில் நிறுத்தி, அவனை விமானத்தால் துரத்தினார். விமானம் தாக்குமுன் அவ்வெளியின் வெறுமையை நெடுநேரம் காட்டினார். ஓடி ஒளிய இடமில்லை என்பதைப் பார்ப்பவர் உணர்ந்த பின்னரே அச்சம் பிறந்தது.

வில்லியம் பிரீட்கின் இயக்கிய 'தி பிரெஞ்ச் கனெக்சன்' (1971) படத்தில் மேலே பாலத்தின்மீது தொடர்வண்டி ஓடுகிறது; கீழே அப்பாலத்தின் தூண்களுக்கிடையே மகிழுந்து ஓடுகிறது. துரத்துபவன் மேலேயும் நோக்க வேண்டும். முன்னேயும் நோக்க வேண்டும். காட்சியை ஆக்கியவை இவ்விரு தளங்களே.

தமிழிலும் சான்று உண்டு. லோகேஷ் கனகராஜின் 'கைதி' (2019) ஓர் இரவுக்குள் நிகழும் கதை. லாரி எங்குச் சென்று சேர வேண்டும், இடையே அதனை மறிக்கத் துடிப்போர் யாவர், மறுமுனையில் ஆணையர் அலுவலகத்தைக் காத்து நிற்போர் யாவர் என்பன பார்ப்பவர்க்குத் தெளிவாகத் தெரியும். அத்தெளிவே பதைப்பைத் தருகிறது.

விரைந்த படத்தொகுப்பும் வெற்றி பெற்றதுண்டே எனச் சிலர் வினவலாம். உண்மைதான். ஜார்ஜ் மில்லரின் 'மேட் மேக்ஸ்: பியூரி ரோட்' (2015) படத்தொகுப்புக்கு ஆஸ்கர் பரிசு பெற்றது. ஆனால், அங்கு முதன்மையான செயலைச் சட்டகத்தின் நடுவிலேயே அமைத்தனர். துண்டுகள் மாறினும் கண் வழிதவறவில்லை. இடமிருந்து வலமாக ஓடியவன் காரணமின்றி அடுத்த துண்டில் வலமிருந்து இடமாக ஓடினால், அவன் திரும்பிவிட்டான் என்றே பார்ப்பவர் மயங்குவர். ஒழுங்கற்ற விரைவு குழப்பமே தவிர விறுவிறுப்பன்று.

'பிரியா' (1978), 'நினைத்தாலே இனிக்கும்' (1979) ஆகியவை சிங்கப்பூரில் படமாக்கப்பட்டவை. பின்னரும் தமிழ்ப் படக் குழுவினர் பலர் வந்து சென்றனர். வருவோர் இந்நகரை வண்ணத் திரைச்சீலையாக மட்டும் கொள்ளுதல் தகுமோ? சிராங்கூன் சாலையில் திரும்பியவன் மறுநொடியே செந்தோசாவில் தோன்றினால், இங்கு வாழும் தமிழர் அஞ்சுவரோ, நகைப்பரோ?

தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை எனக் கேட்பது பொருந்தாது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். அதனை மனப்பாடம் செய்த மாணவன், கட்டுரை ஏட்டில் 'வேகமாக ஓடினான், மிக வேகமாக ஓடினான்' என்றே எழுதுகிறான். எங்கிருந்து ஓடினான், எதை நோக்கி ஓடினான், வழியில் எது தடுத்தது என்று எழுதுவதில்லை. இலக்கணம் ஒரு பக்கமும் அவன் கண்டு மகிழும் திரைப்படம் மறுபக்கமும் பிரிந்து கிடப்பதன் விளைவு இது. ஆசிரியர் அம்மூன்று வினாக்களை வகுப்பில் எழுப்பட்டும். திரையைக் காணும் கண்ணும் திருந்தும். ஏட்டில் எழுதும் தமிழும் திருந்தும்.