சைட்டோகைன் என்றாலே வில்லனா?

"குடல் அழற்சி நோய்க்குக் காரணம் எதிர்ப்பாற்றல் செல்கள் சுரக்கும் சைட்டோகைன் புரதங்கள்; அவற்றை அடக்கினால் குடல் பிழைத்துக்கொள்ளும்." மருத்துவக் குறிப்புகளில் அடிக்கடி தென்படும் வாதம் இது. பாதி உண்மை கலந்திருப்பதால் எளிதில் நம்பிவிடுகிறோம்.

அந்தப் பாதியை மறுப்பதற்கில்லை. டி.என்.எஃப். என்ற சைட்டோகைனைத் தடுக்கும் இன்ஃபிளிக்சிமாப் மருந்து, 1998 முதல் குடல் அழற்சி நோயின் ஒரு வகையான கிரோன் நோய் உள்ள பலருக்குக் கைகொடுத்துவருகிறது. ஆனால், ஒன்றை அடக்கிப் பலன் கிடைத்ததால் எல்லாவற்றையும் அடக்கலாம் என்பது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் கதைதான்.

முதல் வாதம்: அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன் எதுவானாலும் குடலுக்குக் கேடு. இன்டர்லூக்கின்-17 என்ற சைட்டோகைன் இதைப் பொய்யாக்கியது. அதைத் தடுக்கும் செக்யூகினுமாப், சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு நல்ல மருந்து. அதையே கிரோன் நோயாளிகள் 59 பேரை வைத்துச் சோதித்த ஆய்வு 2012இல் வெளியானது. மருந்து பலன் தரவில்லை; மருந்து பெற்றவர்களுக்குத் தொற்று உள்ளிட்ட தொல்லைகளே அதிகமாயின. குடல் சுவரின் செல்கள் இடைவெளியின்றி ஒட்டி நிற்பதற்கு இன்டர்லூக்கின்-17 உதவுகிறது என்பதைப் பின்னர் எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டின.

இரண்டாவது வாதம்: இந்தப் புரதங்கள் குறைந்தால் குடல் அமைதியாகிவிடும். ஆனால், அழற்சியைத் தணிக்கும் சைட்டோகைனான இன்டர்லூக்கின்-10 இல்லாதபடி உருவாக்கப்பட்ட எலிகளுக்குக் குடல் அழற்சி வந்ததை 1993இலேயே கண்டார்கள். அதன் சமிக்ஞையைச் செல்லில் பெற்றுக்கொள்ளும் ஏற்பியில் மரபணுக் குறையோடு பிறந்த குழந்தைகளுக்கு, ஒரு வயது நிறைவதற்குள் கடுமையான குடல் அழற்சி வந்ததை 2009இல் வெளியான ஆய்வு விவரித்தது. அங்கே சிக்கல், சமிக்ஞை மிகுந்துபோனது அல்ல, அது போய்ச்சேராதது.

மூன்றாவது வாதம்: சைட்டோகைன்கள் எதிர்ப்பாற்றல் செல்களுக்குள் நடக்கும் பேச்சு; குடல் செல்கள் வெறுமனே அடி வாங்குபவை. இன்டர்லூக்கின்-22 என்ற சைட்டோகைன் விஷயத்தில் நடப்பது நேர்மாறு. அதைச் சுரப்பவை எதிர்ப்பாற்றல் செல்கள். அதற்கான ஏற்பியோ அவற்றில் இல்லை, குடல் சுவர்ச் செல்கள் போன்றவற்றில்தான் இருக்கிறது. சமிக்ஞை வந்ததும் அந்தச் செல்கள் கிருமிக்கொல்லிப் புரதங்களைச் சுரக்கின்றன, சளிப்படலம் வலுப்பெறுகிறது. சில நாட்களுக்கொருமுறை புதுப்பிக்கப்படும் இந்தச் சுவருக்குப் புதுச் செல்களைத் தருபவை, அதன் நுண்குழிகளின் அடியிலுள்ள ஸ்டெம் செல்கள். ஆய்வகக் கிண்ணத்தில் வளர்த்த எலிக் குடல் ஸ்டெம் செல்களில் இன்டர்லூக்கின்-22 சேர்த்ததும் அவை பெருகி வளர்ந்தன. இது 2015இல் வெளியான ஆய்வு.

"அப்படியானால் நல்ல சைட்டோகைனை ஊசியாகப் போட்டால் போதுமே?" என்பது எதிர்த்திசையில் வரும் அவசரம். இன்டர்லூக்கின்-10ஐக் கிரோன் நோயாளிகளுக்கு ஊசியாகக் கொடுத்த பெரிய சோதனைகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. செல்களைப் பெருக்கும் இன்டர்லூக்கின்-22, கட்டுப்பாடு தவறினால் குடல் கட்டிகள் வளரவும் துணைபோவது எலிகளில் தெரிந்திருக்கிறது. எந்தப் புரதம், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்பதே பலனைத் தீர்மானிக்கிறது.

ஆகவே, நோயாளிகள் மருத்துவர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம்; 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்', 'அடக்கும்' என்று விற்கப்படும் பொடிகளை நம்பிச் சேர்க்கவும் வேண்டாம்.