வாசகர் கேள்வி: தானாகக் கட்டுரை எழுதும் கருவியை நம்பி இறங்கலாமா?

‘‘எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மஞ்சள்தூள், பாரம்பர்ய அரிசி, தேங்காய் எண்ணெய் விற்பனை செய்து வருகிறது. இணையதளமும் இருக்கிறது. ‘ஏ.ஐ ஏஜென்ட்’ என்ற கருவியை அதில் இணைத்தால், தினமும் ஒரு விவசாயக் கட்டுரையைத் தானாகவே எழுதிப் பதிவிடும், ஆள் தேவையில்லை, வாடிக்கையாளர்கள் தேடி வருவார்கள் என்கிறார் ஒருவர். இதை நம்பி இறங்கலாமா?’’

- நிறுவன இயக்குநர் ஒருவர், ஈரோடு மாவட்டம்.

கருவியைத் தாராளமாக வாங்குங்கள். பதிவிடும் அதிகாரத்தை மட்டும் அதன் கையில் கொடுக்காதீர்கள்.

சாட்ஜிபிடி போன்ற செயலியிடம் கேள்வி கேட்டால் பதில் எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். ஏஜென்ட் அதற்கு அடுத்த படி. ‘மஞ்சள் பற்றி வாரம் ஐந்து கட்டுரை’ என்று ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். தலைப்பை அதுவே பிடிக்கும், இணையத்தில் தேடும், எழுதும், படம் சேர்க்கும், நீங்கள் கொடுத்த கடவுச்சாவியை வைத்து உங்கள் தளத்தில் ஏற்றியும் விடும். ராத்திரி 2 மணிக்கும் வேலை செய்யும். சம்பளம் கேட்காது, மாதச் சந்தா கேட்கும்.

இது எழுதும் விதத்தில்தான் சிக்கல். கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கணித்து எழுதுகிறது. அதனால் நடை பிசகாது, அளவு பிசகும். படிக்கிறவருக்கு அது தெரியவும் தெரியாது. பஞ்சகவ்யா 3 சதவிகிதக் கரைசல் என்றால், 10 லிட்டர் கரைசலில் 300 மில்லி. அதையே 30 மில்லி என்று எழுதினாலும் வாக்கியம் அழகாகத்தான் இருக்கும். பஞ்சகவ்யாவில் தவறினால் ஒரு தெளிப்பு வீண், அவ்வளவுதான். பூச்சிக்கொல்லிப் பரிந்துரைகள் பலவும் ஹெக்டேர் கணக்கில் இருக்கும். ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர். ஹெக்டேருக்கு உரிய அளவை ஏக்கருக்கு என்று எழுதிவிட்டால், ஏறக்குறைய இரண்டரை மடங்கு விஷம் வயலில் இறங்கும்.

ரகத்திலும் இதே கதைதான். சி.ஆர்.1009 நெல், 155 நாள்களுக்கு மேல் ஓடும் சம்பா ரகம். ‘குறுவைக்கு ஏற்றது’ என்று கருவி எழுதி, அதை நம்பி ஒருவர் ஆனியில் விதைத்தால், கார்த்திகை மழையில் அறுவடைக்கு நிற்பார். கட்டுரைக்கு மேலே இருப்பது உங்கள் நிறுவனத்தின் பெயர். கருவியை விற்றவர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

இது வெறும் கற்பனை பயம் கிடையாது. காட்டுக்காளான்களை அடையாளம் காணச் சொல்லித்தரும் புத்தகங்கள், கருவி எழுதியவை என்ற சந்தேகத்துக்கு உரியவை, இணையக் கடையில் விற்பனைக்கு வந்தன. 2023-ம் ஆண்டில் நியூயார்க் காளான் ஆய்வுச் சங்கம், அவற்றை வாங்காதீர்கள் என்று எச்சரித்தது. காளானில் அடையாளம் தவறினால் உயிர் போகும்.

உங்கள் பொருள்களைப் பொறுத்தவரை இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பாரம்பர்ய அரிசி பற்றி எழுதச் சொன்னால், ‘சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்’ என்று கருவி எழுதக்கூடும். இணையத்தில் அப்படி எழுதிக் குவித்து வைத்திருக்கிறார்கள். அங்கிருந்துதானே அது எடுக்கிறது! உணவுப்பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை, 2018-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விளம்பர விதிமுறைகள் தடை செய்கின்றன. விற்பனை செய்யும் தளத்திலேயே அப்படிக் கட்டுரை இருந்தால், நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். ‘கம்ப்யூட்டர் எழுதியது’ என்று அதிகாரியிடம் சொல்லிப் பாருங்கள். ‘இயற்கை விளைபொருள்’ என்று அது சேர்க்கும் சொல்லுக்கும் பி.ஜி.எஸ் அல்லது என்.பி.ஓ.பி சான்று கையில் இருக்க வேண்டும்.

தினமும் ஒரு கட்டுரை போட்டால் கூட்டம் வரும் என்பதும் பழைய கணக்கு. தேடலில் முன்னால் வருவதற்காகவே மொத்தமாக உற்பத்தி செய்யப்படும் சாரமில்லாத பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளும் விதியை, 2024 மார்ச் மாதம் கூகுள் கொண்டு வந்துவிட்டது. கருவி எழுதியதா, மனிதர் எழுதியதா என்று அந்த விதி பார்ப்பதில்லை.

அப்படியானால் கருவிக்கு என்ன வேலை கொடுக்கலாம்? ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதை எந்தக் கருவியும் எழுதிவிடும். இந்த வருஷம் எந்த உறுப்பினர் வயலில் எப்போது அறுவடை, எத்தனை நாள் காய்ந்தது, மெருகேற்றும்போது எடை எவ்வளவு கழிந்தது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதை உங்கள் உறுப்பினர் போனில் பேசிப் பதிவு செய்யட்டும். அந்தப் பேச்சைக் கட்டுரையாக அடுக்கித் தர கருவியைப் பயன்படுத்துங்கள். வாரம் ஒன்று போதும்.

உங்கள் தளம் வேர்ட்பிரஸ்ஸில் இருந்தால், கருவிக்கு ‘பங்களிப்பாளர்’ என்ற நிலையில் மட்டும் கணக்கு திறந்து கொடுங்கள். அந்த நிலையில் எழுதி வைக்க முடியும், வெளியிட முடியாது. வெளியிடும் பொத்தான், விவசாயம் தெரிந்த ஒருவரிடம் இருக்கட்டும். எண், மருந்து, ரகம், நோய் இந்த நான்கில் எது வந்தாலும், பல்கலைக்கழகக் கையேட்டையோ, வேளாண் அறிவியல் நிலையத்தையோ கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் அவர் அழுத்த வேண்டும். ‘ஆள் தேவையில்லை’ என்று சொன்னவரிடம், அந்த ஒரு ஆள் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

‘‘வாட்ஸ்அப்பில் வரும் விவசாயக் கட்டுரை, கருவி எழுதியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?’’

- வாசகர், திருவாரூர் மாவட்டம்.

தமிழை வைத்துக் கண்டுபிடிக்கும் காலம் போய்விட்டது. யார் எழுதினார் என்பதை விட்டுவிட்டு, எந்த மாவட்டம், எந்தப் பட்டம், என்ன ரகம், யாருடைய வயல் என்று பாருங்கள். இவை எதுவும் இல்லாமல் ‘உரிய அளவில் தெளிக்கவும்’, ‘மகசூல் பெருகும்’ என்று ஓடினால் படித்துவிட்டு விட்டுவிடுங்கள். கேலன், பவுண்டு என்று வந்தால் அமெரிக்கச் சரக்கு. அந்தப் பட்டமும் மண்ணும் நமக்குப் பொருந்தாது. மருந்தின் பெயர் இருந்தால், டப்பாவோடு வரும் துண்டுச்சீட்டைப் பிரித்து, உங்கள் பயிரின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கலக்குங்கள். சந்தேகம் இருந்தால், கிசான் அழைப்பு மையத்தின் கட்டணமில்லாத எண் 1800-180-1551. தமிழிலேயே பேசலாம்.