முதல் கிட்டார், முதல் சிப்பி வளையம்: ஒன்றரை மில்லிமீட்டரில் ஒரு சவால்!

கிட்டாரைப் பார்த்ததும் கண் முதலில் போவது நடுவில் இருக்கும் வட்டத் துளைக்குத்தான். அந்தத் துளையைச் சுற்றி ஒரு வளையம் ஓடும். சிலவற்றில் கறுப்பு வெள்ளைக் கோடுகள், சிலவற்றில் நீலமும் பச்சையுமாக மின்னும் சிப்பி. இதற்கு 'ரோசெட்' என்று பெயர். விலை குறைந்த சில கிட்டார்களில் இது வெறும் ஸ்டிக்கர். கையால் செய்யும் கிட்டாரிலோ மரத்தைக் குடைந்து பதிக்கிறார்கள்.

வீட்டில் சொந்தமாக முதல் கிட்டார் செய்ய உட்காருபவர்களைத் திணறடிப்பதும் இந்த வேலைதான்.

கை பழகும் முன்பே வரும் வேலை

கிட்டாரின் முன்பலகை பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரம். வேலை முடியும்போது அதன் தடிமன் சுமார் 3 மி.மீ-தான் இருக்கும். அதில் ஏறக்குறைய 1.5 மி.மீ ஆழத்துக்கு வட்டமாகப் பள்ளம் எடுக்க வேண்டும். நடுத்துளையை வெட்டிவிட்டால், வட்டம் போடும் கருவியின் ஊசியை நிறுத்த மரம் இருக்காது. எனவே முதலில் வளையம், பிறகுதான் துளை.

அதாவது, கை இன்னும் பழகாத நாள்களில் செய்த வேலை, காலமெல்லாம் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் நிற்கப்போகிறது. பள்ளம் அகலமாகிவிட்டால் இடைவெளி தெரியும். ஆழமாகிவிட்டால் பலகையே பலவீனமாகிவிடும். அதனால் பலகையைக் கொஞ்சம் தடிமனாகவே வைத்துக்கொள்கிறார்கள். வளையத்தைப் பதித்துத் தேய்த்துச் சமமாக்கிய பிறகு, உள்பக்கமாகச் சீவித் தடிமனைக் குறைக்கிறார்கள்.

இன்னொரு ஆபத்து சூப்பர் க்ளூ. வெளிர் நிற ஸ்ப்ரூஸில் இது ஊறினால் கறை படியும். பள்ளத்தில் முதலில் ஷெல்லாக் எனப்படும் அரக்குக் கரைசலைத் தடவிக் காயவைத்தால் தப்பிக்கலாம்.

சிப்பியை வெட்டுவது எப்படி?

விரல் வைத்து வாசிக்கும் பலகையில் பூ, கொடி, பெயரின் முதல் எழுத்து என்று பதிக்க ஆசைப்படுபவர்கள் அதிகம். வரைந்த காகிதத்தைச் சிப்பித் தகட்டின் மேல் ஒட்டி, நகைப் பட்டறைகளில் இருப்பது போன்ற மெல்லிய ரம்பத்தால் அறுக்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் பிளேடு ஒடியும், இல்லையென்றால் சிப்பி உடையும். ஓரங்களைச் சிறிய அரத்தால் ராவிய பிறகு, துண்டை மரத்தில் வைத்துச் சுற்றிலும் கூர்முனையால் கோடு கிழிக்க வேண்டும். அந்தக் கோட்டுக்குள் மட்டும் குடைந்து, எபாக்ஸி பசையில் பதிக்க வேண்டும்.

பலகை கருங்காலியாக இருந்தால் ஒரு வசதி. அதே மரத்தின் தூளைப் பசையில் கலந்து பூசினால், சின்னச் சின்ன இடைவெளிகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். வெள்ளை நிற முன்பலகையில் இந்த வித்தை பலிக்காது.

பல அகூஸ்டிக் கிட்டார்களில் இந்தப் பலகை குறுக்குவாட்டில் லேசாக வளைந்திருக்கும். அகலமான சிப்பித் துண்டு தட்டையானது. வளைவுக்கு ஏற்பத் தேய்க்கும்போது அதன் ஓரங்கள் மெலிந்து, சில சமயம் காணாமலே போய்விடும். ஓரத்துக்கும் போதுமான ஆழத்தை முதலிலேயே கணக்கிட வேண்டும்.

தூசி விஷயத்தில் விளையாட வேண்டாம்

சிப்பித் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். 19-ம் நூற்றாண்டு வியன்னாவில் சிப்பி கடைந்த இளம் தொழிலாளர்களுக்கு எலும்பு அழற்சி வந்ததை அந்தக் கால மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். முகக்கவசம் அணியாமல் ரம்பத்தைத் தொடக் கூடாது. தூசியை வாயால் ஊதவும் கூடாது.

பெரிய கம்பெனிக்கும் வந்த தட்டுப்பாடு

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நாசரேத் என்ற ஊரில் இருக்கிறது மார்ட்டின் கிட்டார் நிறுவனம். அதன் 'டி-28' மாடலின் முன்பலகை ஓரத்தில், மீன்முள் போன்ற 'ஹெர்ரிங்போன்' மரப்பட்டை பதிக்கப்பட்டிருந்தது. அது ஜெர்மனியிலிருந்து வந்த சரக்கு. இரண்டாம் உலகப் போரால் வரத்து நின்றது. கையிருப்பு தீர்ந்ததும், 1947 வாக்கில் அந்த அலங்காரத்தையே நிறுத்தினார்கள். 1976-ல் 'ஹெச்டி-28' மாடலில்தான் அது திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில், 1969 வாக்கில், பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது கடினமாகி, நம் பக்கத்து ஈட்டி மரத்துக்கு அந்த நிறுவனம் மாறியது தனிக்கதை.

அதே நிறுவனம் 2004-ல் தன் 10 லட்சமாவது கிட்டாரை முடித்தது. உடல் முழுக்க அலங்காரப் பதிப்பு. செய்தவர் லாரி ராபின்சன் என்ற பதிப்புக் கலைஞர். முதல் கிட்டார் செய்பவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பித்தால் மனசு உடைந்துபோவது உறுதி.

முதல் முறைக்கு எது சரி?

வட்டப் புள்ளிகள் போதும். கடையில் 6 மி.மீ சிப்பிப் புள்ளிகள் தயாராகவே கிடைக்கின்றன. அதே அளவு டிரில் பிட்டால் 5, 7, 9, 12-வது ஃபிரெட் கட்டங்களில் துளையிட்டுப் பதித்தால் வேலை முடிந்தது. வாசிப்பவருக்கு இடம் காட்டும் அடையாளமும் அதுவே. துளைக்குச் சுற்றிலும் ஓர் எளிய மர வளையம். அதையும் வீணாகப்போகும் ஸ்ப்ரூஸ் துண்டில் இரண்டு, மூன்று முறை போட்டுப் பார்த்த பிறகே அசல் பலகையைத் தொட வேண்டும்.

அப்படியும் எங்காவது ஒரு தலைமுடி அளவுக்கு இடைவெளி விழலாம். செய்தவர் கண்ணுக்கு அது தினமும் உறுத்தும். எதிரே உட்கார்ந்து பாட்டுக் கேட்பவருக்கு அது தெரியப்போவதில்லை. அடுத்த கிட்டாருக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்பதை மட்டும் அது ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும்.