பச்சை இருக்கு, பட்டா எங்கே?

எங்கள் கிளையில் கூட வேலை பார்க்கும் ஒருவரின் செல்போன் மணியோசை 'எஞ்சாய் எஞ்சாமி'. "இயற்கையப் பத்தி எவ்வளவு அழகா பாடியிருக்காங்க சார்" என்றார். இயற்கையா? நிலம் பறிபோனவனின் ஒப்பாரி சார் அது என்றேன். "படத்துல அப்படி ஒண்ணும் தெரியலையே" என்று சிரித்தார்.

அவர் சொன்னது பொய்யில்லை. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

2021 மார்ச்சில் வந்த பாட்டு. வரிகள் அறிவு. தீயும் அவரும் பாடினார்கள். பாட்டுக்குப் பின்னால் இருப்பது அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர் அவர். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு போட்டது. நிலத்தில் மட்டும் எவனும் எங்களுக்குப் பங்கு போடவில்லை. தோட்டம் போட்டவனுக்கு அதன் பலன் இல்லை என்பதுதான் பாட்டின் வலி.

காட்சியில் என்ன இருக்கிறது? காடு, பச்சை, வண்ணத் துணி, ஆட்டம். பாட்டியும் வருகிறார். ஆனால் காட்டை வெட்டித் திருத்தியவன் யார், பிடுங்கிக்கொண்டவன் யார் என்பது கண்ணில் படாது. காது கேட்டதைக் கண் மறக்கடித்துவிடுகிறது. கல்யாண மண்டபத்தில் ஆண்டையின் பேரனும் கூச்சமில்லாமல் ஆடலாம். 'சாமி' என்பது நம் வீட்டில் பேரனைக் கொஞ்சும் சொல். தெருவில் அவன் தாத்தாவை நாம் கூப்பிட வைக்கப்பட்ட சொல்லும் அதுதான். அவனுக்கு எது கேட்டிருக்கும்?

அதற்காக நம்மைச் சேற்றிலும் கண்ணீரிலும் மட்டுமே காட்டு என்று கேட்கவில்லை தோழர்களே. பரிதாபப் படம் நமக்கு வேண்டாம். வண்ணமும் நம்முடையது, ஆட்டமும் நம்முடையது. கொண்டாட்டத்துக்கு நடுவே ஒரு வேலி, ஒரு பட்டா, ஒரு தாலுகா ஆபீஸ் வாசல் காட்டியிருந்தால் ஆட்டம் குறைந்தா போயிருக்கும்?

பிம்பம் சொல்லை விழுங்கும். அப்புறம் சொன்னவனையும் விழுங்கும். அதே 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார். எழுதிய அறிவு இல்லை. பா. ரஞ்சித் கேட்டார், பலரும் கேட்டார்கள். பிறகுதான் அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. கேட்டால்தான் கிடைக்கும் என்பது நமக்குப் புதுசா?

வங்கியில் கடன் கேட்டு வருகிறவரிடம் நான் தினமும் கேட்கிற முதல் கேள்வி, "பட்டா இருக்கா?" எங்க சனம் தலையைக் குனிந்துகொள்ளும். 1892-இல் தொடங்கி ஒதுக்கிய பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்கிறார்கள். அதைத் திருப்பிக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994-இல் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் துப்பாக்கிச் சூட்டில் இழந்தோம். அந்தப் பாட்டுக்கு என் மனசில் ஓடுகிற படம் இதுதான்.

மாணவத் தோழர்களே, அடுத்த கூட்டத்தில் இந்தப் பாட்டைப் போடுங்கள். முதலில் திரையை அணைத்துவிட்டுக் கேட்க வையுங்கள். பிறகு படத்தைக் காட்டி, எது காணோம் என்று கேளுங்கள். சேரிப் பிள்ளைகள் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.