வனத்து அந்தோணியாரின் தங்கை

"எல்லாத்தையும் விட்டுட்டு எங்கேயாவது போயிடலாம் போல இருக்குண்ணே."

கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் ரயிலுக்குக் காத்திருந்தபோது, தெரிந்த இளைஞர் ஒருவர் சொன்னார். அப்பா இல்லை. வீட்டில் அம்மா, படிக்கும் தங்கை. இரவு பத்து மணிக்கும் ஓயாத அலுவலகச் செய்திகள். அவருக்கு ஒரு கதை சொல்லத் தொடங்கினேன். அதற்குள் ரயில் வந்துவிட்டது. முழுக்கதை இதோ.

அந்தோணியார் என்றால் கோலாலம்பூரில் நமக்கு ஜாலான் ராபர்ட்சன் தேவாலயமும் ஜூன் 13 திருவிழாவும் நினைவுக்கு வரும். அவர் பதுவை அந்தோணியார். நான் சொல்வது, அவருக்கு ஒன்பது நூற்றாண்டுகள் மூத்த வனத்து அந்தோணியாரை. அவர் திருநாள் ஜனவரி 17. பொங்கலை ஒட்டி வருவதால், தமிழகக் கிராமங்களில் அன்று மாடுகளை அலங்கரித்துக் கோயிலுக்கு ஓட்டி வந்து ஆசீர்வாதம் பெறுவார்கள்.

எகிப்தில் சுமார் 251-ல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். இருபது வயதை நெருங்கும்போது பெற்றோர் இறந்தனர். நிலமும் ஒரு தங்கையும் அவர் பொறுப்பில். உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடு என்ற நற்செய்தி வாசகத்தைக் கோயிலில் கேட்டவர், அப்படியே செய்தார். தங்கையை, தமக்கு நன்கு தெரிந்த கன்னியரிடம் ஒப்படைத்தார். ஊருக்கு வெளியே ஒரு முதிய துறவியிடம் பாடம் கற்றார். பின்னர் பாழடைந்த கோட்டையொன்றில் இருபது ஆண்டுகள் தனியே இருந்தார்.

நண்பர்கள் கதவை உடைத்துத் திறந்தபோது, அவர் பருத்திருக்கவும் இல்லை, மெலிந்திருக்கவும் இல்லை. முன்பு போலவே இருந்தார் என்று எழுதுகிறார், அவர் வரலாற்றைப் பதிவு செய்த ஆயர் அத்தனாசியார். அதன்பின் சீடர்கள் திரண்டனர். மலைகளில் துறவியர் குடில்கள் பெருகின. 'துறவியரின் தந்தை' என்ற பெயர் அப்படி வந்தது.

தனிமை அவரைக் கல்லாக்கிவிடவில்லை. 311-ல் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டபோது அலெக்சாந்திரியா நகருக்கே போய், சிறையில் இருந்தவர்களுக்குத் துணை நின்றார். மலையடிவாரத்தில் தம் உணவுக்குத் தானியம் விளைவித்தார். களைத்து வரும் விருந்தினருக்காகக் கீரை, காய்கறியும் போட்டார். கூடை முடைந்தார். 356-ல், 105 வயதில் இறந்தார் என்பது வரலாறு.

அந்தத் தங்கை என்ன ஆனார்? எனக்குப் பிடித்த இடமே அதுதான். பல ஆண்டுகள் கழித்து அண்ணன் தங்கையைச் சந்திக்கிறார். அவரும் முதுமை அடைந்து, மற்றக் கன்னியரை வழிநடத்தும் தலைவியாகியிருந்தார். அண்ணனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

ஆனாலும், அன்று அண்ணன் கிளம்பியபோது அந்தச் சிறுமியின் மனம் என்ன பாடுபட்டதோ, யாரும் எழுதி வைக்கவில்லை.

தம்பி, தனிமை தேவைதான். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் கைப்பேசியை அணைத்து வையுங்கள். அதற்கு முன், "அண்ணன் கொஞ்ச நேரம் தனியா இருக்கேம்மா, வந்துடுவேன்" என்று தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.